இடுப்பில் அரைக் கிலோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், உடைக்குள் மறைத்து அணியும் சிறிய கைத்துப்பாக்கியோடு நான் கழித்த ஏழு ஆண்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: முதலில் கால்சட்டைப் பைக்குள் அடங்கும் மிகச் சிறிய .380 வகைத் துப்பாக்கியை வாங்கி, ஓராண்டில் அதை விற்றுவிட்டு, சற்றே பெரிய 9 மி.மீ. துப்பாக்கிக்கு மாறினேன் (.380, 9 மி.மீ. என்பவை தோட்டா வகைகளின் பெயர்கள்); துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கச் சுமப்பது எளிதாகிறது, சுடுவது கடினமாகிறது என்பதே நான் கண்டது. அதற்கு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இவ்வளவு விரிவாக எழுதிவிட்டு, அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று ஒரு வரிகூட எழுதாதது ஏன்?
(வாசகர், சேலம்)

பதில்: குறைகளையும் சேர்த்து எழுதியிருந்ததால்தான். கோளாறு என் பிடியிலா, அந்தப் பொருளிலா என்று நானே பல மாதங்கள் தடுமாறிய விஷயங்களை ஒரு நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. தவிர, இவ்வகைத் துப்பாக்கிகள் இப்போது ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் வருகின்றன. ஒன்றைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

கேள்வி: "சிறியது, சிறியது" என்கிறீர்கள். அளவும் எடையும் சொன்னால்தானே எங்களுக்குப் புரியும்? இவ்வளவு சிறிதாகச் செய்யவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கடையில் எவரும் பார்க்கக்கூடிய இரண்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ரூகர் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எல்சிபி, தோட்டா நிரப்பாத நிலையில் ஏறத்தாழ 270 கிராம் எடை கொண்டது. நீளம் 13 சென்டிமீட்டர், பருமன் 21 மில்லிமீட்டர், மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், 6 தோட்டாக்கள். ஆண்களின் தடித்த பணப்பை ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் போதும். அடுத்தது, சிக் சாவர் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த பி365. அதன் எடை அரைக் கிலோ, நீளம் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பருமன் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆனால் அந்த ஓர் அங்குலத்துக்குள் 10 தோட்டாக்கள் அடங்குகின்றன என்பதுதான் அப்போது துப்பாக்கிக் கடைகளில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு முன்பு, 2012-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு 7 தோட்டாவும், 2015-இல் வந்த கிளாக் 43 என்பது 6 தோட்டாவுமே கொள்ளும். மேகசினுக்குள் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் அடுக்காமல், சற்றே இடம் வலம் விலக்கி அடுக்கி, மேல்வாயில் மட்டும் ஒற்றை வரிசையாகக் குறுகச் செய்ததுதான் அந்தச் சாமர்த்தியம். மறு ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனம் 11 தோட்டா கொள்ளும் ஹெல்கேட்டைக் கொண்டுவந்தது. பிறகு எல்லா நிறுவனங்களும் அதே வழியில் இறங்கிவிட்டன.

தேவையை உண்டாக்கியது சட்டம். தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்து அணியும் உரிமத்தை மறுக்காமல் கொடுக்கவேண்டும் என்ற முறையை ஃபுளோரிடா 1987-இல் கொண்டுவந்தது. டெக்சஸில் அதற்கான சட்டம் 1995-இல் வந்தது. அதற்குப் பின்னணியாக ஒரு துயரச் சம்பவம் உண்டு. 1991 அக்டோபரில் கிலீன் என்ற ஊரின் உணவகம் ஒன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். தன் கைத்துப்பாக்கியைச் சட்டத்துக்குப் பயந்து காரிலேயே விட்டுவிட்டு உள்ளே சென்றிருந்த சுசானா ஹப் என்ற பெண்மணி, தன் தாய் தந்தை இருவரையும் அங்கே இழந்தார். பின்னர் அவர் இந்தச் சட்டத்துக்காகப் பேசி, மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையே 1994 முதல் 2004 வரை, புதிதாகச் செய்யும் மேகசின்களில் பத்துக்கு மேல் தோட்டா கூடாது என்று மத்திய சட்டம் ஒன்று இருந்தது. பத்துதான் வரம்பு என்றால் பெரிய துப்பாக்கியைச் சுமப்பானேன் என்று வாங்குபவர்களும் எண்ணினார்கள், செய்பவர்களும் எண்ணினார்கள். 2013-இல் இல்லினாய் மாநிலமும் வழிவிட்டபோது, மறைத்து அணிவதற்கு ஏதேனும் ஒரு வகையில் சட்டம் இடந்தராத மாநிலம் என்று ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.

கேள்வி: சிறிய துப்பாக்கி என்றால் அதன் உதையும் சிறியதாகத்தானே இருக்கவேண்டும்?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: கடைக்கு வரும் புதியவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். உண்மை நேர்மாறானது. ஒரே தோட்டாவைப் பெரிய துப்பாக்கியிலும் சிறிய துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், குண்டு முன்னே கொண்டுபோகும் உந்தம் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குச் சமமான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளும். துப்பாக்கியின் எடை பாதியானால் அது பின்னே வரும் வேகம் இரட்டிப்பாகும், கை தாங்கவேண்டிய ஆற்றலும் இரட்டிப்பாகும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். ஏழரை கிராம் குண்டு ஒன்று விநாடிக்கு 300 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்பும்போது, அதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் வாங்கிக்கொள்வது வேறு. என் முதல் துப்பாக்கி .380 தான், அதாவது 9 மி.மீ. வகையைவிடச் சாதுவான தோட்டா. ஆனால் துப்பாக்கியே கால் கிலோ அளவில் இருந்ததால், முப்பது தோட்டாக்களுக்குப் பிறகு அந்த இடம் சிவந்துவிடும். ஐம்பதுக்குப் பிறகு, விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக இமைக்கத் தொடங்கிவிடும். அப்படி இமைத்தபின் குறி எங்கே இருக்கும்?

உதையோடு முடிவதில்லை. சிறிய கைப்பிடியில் மூன்றாவது விரலோடு இடம் தீர்ந்துவிடுகிறது. சுண்டுவிரல் போக்கிடம் இன்றி அந்தரத்தில் தொங்குகிறது. பிடியின் வலுவில் அந்தச் சுண்டுவிரலுக்கு எவ்வளவு பங்கு என்பது அது இல்லாதபோதுதான் தெரியும். மேகசினின் அடித்தகட்டுக்குச் சிறு நீட்சி ஒன்றைப் பொருத்தினால் விரலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் எந்த உயரத்தைக் குறைக்கப் பணம் கொடுத்தோமோ அந்த உயரம் திரும்பி வந்துவிடும். நீட்சிக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள சந்தில் உள்ளங்கைச் சதை அகப்பட்டுக் கிள்ளும் அனுபவத்தையும் இதன் உரிமையாளர்கள் அனைவரும் ஒருமுறையாவது அடைந்திருப்பார்கள்.

இரண்டாவது துப்பாக்கியில் எனக்கு வேறொரு புதிர். கடைசித் தோட்டா தீர்ந்ததும் மேல்பகுதியாகிய ஸ்லைடு பின்னால் சென்று நிற்கவேண்டும்; என் கையில் மட்டும் நிற்காது. விற்ற கடைக்காரரிடம் கோபத்தோடு கொண்டுபோனேன். அவர் சுட்டபோது ஒழுங்காக நின்றது. இடம் குறைவாக இருந்ததால் என் வலது கட்டைவிரல், ஸ்லைடைத் தாங்கி நிறுத்தும் சிறு நெம்புகோலின்மேலேயே படுத்திருந்திருக்கிறது! கட்டைவிரலை அரை அங்குலம் உயர்த்தி வைக்கப் பழக எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

குறி பார்ப்பதிலும் சிறுமைக்கு விலை உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 13 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அவற்றின் ஒழுங்கில் ஒரு மில்லிமீட்டர் பிசகு நேர்ந்தாலும் 13 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிவிடும். டெக்சஸ் உரிமத் தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து மொத்தம் 50 தோட்டாக்கள் சுடவேண்டும். 250-க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. என் முதல் துப்பாக்கியால் 201 எடுத்தேன். இழந்தவற்றில் பெரும்பகுதி 15 கஜத்தில் போனவை. அதே வாரம் நண்பரின் பெரிய துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தபோது 244 வந்தது. ஆள் ஒருவன்தான், கையும் அதே கைதான்.

கேள்வி: .380 என்பது பொம்மைத் தோட்டா, அதை நம்பக்கூடாது என்று என் மைத்துனர் சொல்கிறார். உண்மையா?
(வாசகர், ஹூஸ்டன்)

பதில்: 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைக் குடித்த பெரெட்டா எம்1934 துப்பாக்கி இதே .380 தோட்டாவைத்தான் சுடும். இத்தாலியில் அதற்கு 9 மி.மீ. கோர்ட்டோ என்று பெயர். ஆகவே அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தங்கள் மைத்துனர் சொல்லவருவது வேறு. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. என்ற அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையின் அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். அதில் ஒரு குற்றவாளியின் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது, அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். அதன் பிறகு, மனிதத் தசையை ஒத்த கூழ்க்கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலமாவது பாயவேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அத்துறை ஓர் அளவுகோலை வகுத்தது. தற்காப்புக் குண்டுகளை, பாய்ந்ததும் முனை மலர்ந்து விரியும்படி செய்கிறார்கள். குட்டைக் குழலிலிருந்து கிளம்பும் .380 குண்டு, மலர்ந்து விரிந்தால் அந்த ஆழத்தை எட்டத் தடுமாறுகிறது, ஆழத்தை எட்டினால் மலர மறுக்கிறது. 9 மி.மீ. வகையில் அந்தத் தொல்லை குறைவு. நான் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அன்று. முதல் காரணம் மேலே சொன்ன சிவந்த கைதான்.

கேள்வி: வாங்குவதற்கு முன் உரிமையாளர்களின் கருத்துரைகளை ஐம்பதுக்கு மேல் படித்துவிட்டேன். அனைவரும் "அருமை" என்றே எழுதுகிறார்கள். எதை நம்புவது?
(வாசகர், டாலஸ்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். ஒரு மறைவுத் துப்பாக்கியை அதன் உரிமையாளர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அணிகிறார். ஆண்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் சுடுகிறார். எனவே அவர் எழுதுவது சுமந்ததைப் பற்றிய கருத்தே அன்றி, சுட்டதைப் பற்றியது அன்று. "இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு இலேசு" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால், அது செருப்புக்குக் கொடுக்கும் பாராட்டு. துப்பாக்கிக்கு அது பாதிச் சான்றுதான்.

கருத்துரையில் நான் முதலில் தேடுவது ஓர் எண்ணை. எத்தனை தோட்டாக்கள் சுட்டபின் எழுதுகிறார்? "ஒரு பெட்டி சுட்டேன், ஒரு குறையும் இல்லை" என்றால் ஒரு பெட்டி என்பது 50 தோட்டா. இயந்திரம் இன்னும் படியவே இல்லை. குறைந்தது 200 சுட்டிருக்கவேண்டும் என்பது பழகியவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதற்கும் மேலே 500, 1000 என்று போனவர்களின் குறிப்புகளுக்குத்தான் விலை. அடுத்து, எந்தத் தோட்டா என்று பார்ப்பேன். பயிற்சிக்கு வாங்கும் உருண்டை மூக்குத் தோட்டா ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 சென்ட். தற்காப்புக்கு நிரப்பும் குழிமுனைத் தோட்டா ஒரு டாலரை ஒட்டி வரும். செலவுக்கு அஞ்சி எல்லோரும் முன்னதையே சுட்டுப் பார்த்துவிட்டு, பின்னதை நிரப்பிக்கொண்டு நடமாடுகிறார்கள். சிறிய துப்பாக்கியில் தோட்டா ஏறிச்செல்லும் வழி குறுகியது, சாய்வு செங்குத்தானது. வட்ட மூக்கு வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் குழிமுனை முட்டிக்கொண்டு நிற்கலாம். அதைச் சுட்டுப் பாராமல் நம்புவது, அடுப்பில் வைக்காமலேயே பால் திரியாது என்று சத்தியம் செய்வது போன்றது.

மூன்றாவதாக, சிக்கலைப் பற்றி எழுதியவர் தம் பிடியைப் பற்றியும் எழுதியிருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல், ஸ்லைடின் வாயில் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நிற்பது இவ்வகையில் அடிக்கடி நேரும் சிக்கல். மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் அது நேரும், உள்ளே கொக்கியோ சுருள்வில்லோ பழுதானாலும் நேரும். என் முதல் துப்பாக்கியில் நூறு தோட்டாக்களுக்குள் நான்கு முறை நேர்ந்தது. நண்பர் அதையே வாங்கிச் சுட்டபோது ஒருமுறையும் நேரவில்லை. நான் அன்றே ஒரு கருத்துரை எழுதியிருந்தால் அந்த நிறுவனத்துக்கு ஒற்றை நட்சத்திரம்தான் கிடைத்திருக்கும்.

புதிதாக வந்த மாதிரியை முதல் ஆண்டிலேயே வாங்கவேண்டாம் என்ற அறிவுரைக்கும் ஆதாரம் உண்டு. 2008-இல் வெளிவந்த எல்சிபியை, கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்பதற்காக அதே ஆண்டு அந்நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. அதன்பின் அது பல்லாண்டு காலம் நன்றாக விற்றது.

கேள்வி: எனக்கு வயது 61. விரல்களில் மூட்டுவலி. "பெண்களுக்குச் சிறியதுதான் ஏற்றது" என்று கடையில் சொன்னதை நம்பி என் மகன் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அதன் ஸ்லைடை என்னால் இழுக்கவே முடியவில்லை.
(வாசகி, டாலஸ் அருகே)

பதில்: அம்மா, கோளாறு தங்கள் விரலில் இல்லை, அந்த அறிவுரையில் இருக்கிறது. ஸ்லைடு சிறிதாகவும் இலேசாகவும் இருந்தால், வெடிப்பின் வேகத்தில் அது கட்டுக்கு மீறி ஓடாமல் தடுக்க உள்ளே கடினமான சுருள்வில்லை வைத்தாகவேண்டும். அந்த வில்லோடுதான் தாங்கள் மல்லுக்கட்டுகிறீர்கள். துப்பாக்கி சற்றுப் பெரிதானால் வில் இளகும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2018-இல், விரல் வலு குறைந்தவர்களை மனத்தில் கொண்டே எளிதாக இழுக்கக்கூடிய .380 ஒன்றை ஷீல்டு ஈசி என்ற பெயரில் கொண்டுவந்தது. கைப்பிடியின் பின்புறத்தை அழுத்திப் பிடித்தால் ஒழிய அது சுடாது. வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கும் சுடுதளம் ஒன்றில் அதையும் வேறு இரண்டையும் தாங்களே இழுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். மகனை வாசலிலேயே உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: டெக்சஸ் வெயிலில் அதை எப்படித்தான் அணிகிறீர்கள்? கோயிலுக்கு வேட்டியில் போகும்போது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: வேட்டியில் முடியாது, முயன்று பார்க்கும் எண்ணமும் இல்லை. கோயிலுக்குப் போகும் நாளில் அது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும். மற்ற நாட்களில், கால்சட்டைக்கு உட்புறமாக, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கெட்டியான பிளாஸ்டிக் உறையில். துப்பாக்கியைவிட உறையும் இடைவாரும்தான் வசதியைத் தீர்மானிக்கின்றன. சாதாரண இடைவார் அரைக் கிலோவைத் தாங்காமல் மடங்கும், துப்பாக்கியின் தலை வெளிப்புறமாகச் சாயும், சட்டையில் அதன் வடிவம் எழுந்து தெரியும். உறை எதுவாக இருந்தாலும் விசைப்பகுதியை முழுவதுமாக மூடவேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கூடாது, ஏனெனில் இவற்றுள் பலவற்றில் தனிப் பாதுகாப்புத் தாழ்ப்பாள் கிடையாது. விசை அழுந்தினால் சுடும். உறையில்லாமல் பையில் போட்ட துப்பாக்கியோடு சாவிக்கொத்தையும் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வியர்வை இரும்பைத் தின்னும். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு வாரம் துடைக்காமல் விட்டதில், பின்குறியின் திருகில் துரு பிடித்துவிட்டது. பையில் வைத்திருந்த முதல் துப்பாக்கியிலோ வேறு சங்கடம்: துணியின் பஞ்சு குழலுக்குள் சேரும். மாதம் ஒருமுறை பிரித்தால் அகல்விளக்குத் திரிக்கு ஆகும் அளவு பஞ்சு எடுக்கலாம்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஒன்று வாங்கலாமா?
(மென்பொருள் பொறியாளர், ஆஸ்டின்)

பதில்: பொதுவிதியாக, கூடாது. எச்-1பி போன்ற, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய சட்டம் தடைசெய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு உள்ளிட்ட சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் இதைப் பற்றி நேரடியாகவே கேட்கிறார்கள், அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. "வைத்திருத்தல்" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் அன்று. வார இறுதியில் நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, அதோடு படமும் எடுத்துக்கொள்கிறார்களே, அதுவும் அதில் அடங்கிவிடும். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ரெஹைஃப் வழக்கு அப்படித் தொடங்கியதுதான். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு மாணவர் விசாத் தகுதியை இழந்திருந்த ஒருவர், ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் சுட்டார்; அதற்காகத் தண்டிக்கப்பட்டார். தம் குடியேற்ற நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு மெய்ப்பிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடையே இல்லை என்று சொல்லவில்லை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை என்றால் நாட்டைவிட்டு வெளியேற்றப்படவும் அது போதிய காரணம். வேட்டை உரிமத்தை வைத்து வாங்குவதானாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்ட பின்னரே கடைப்படி ஏறுங்கள்.

கேள்வி: படித்த தமிழர் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு திரிவதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? அதனால் உங்கள் வீடு பாதுகாப்பாகிவிட்டதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, பெருமையாக எழுதியதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அப்படித் தொனித்திருந்தால் குறை என் எழுத்தில்தான். நண்பர் ஒருவரும் நானும் பங்குக்கு நடத்தும் பெட்ரோல் நிலையக் கடையின் பணத்தை இரவு பதினொன்றுக்கு மேல் எடுத்துச் செல்லவேண்டியிருந்ததால் வாங்கினேன். ஏழு ஆண்டுகளில் ஒருமுறையும் அதை உறையிலிருந்து உருவியதில்லை. கடையில் எவனாவது துப்பாக்கியைக் காட்டிக் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடவேண்டும் என்பதே இன்றும் எங்கள் ஏற்பாடு.

வீட்டைப் பற்றிய தங்கள் கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல என்னால் இயலாது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். ஆகவே ஒரு வீட்டுக்குள் துப்பாக்கி நுழையும்போது, வெளியிலிருந்து வரும் கள்வனை நினைப்பதற்கு முன்பு உள்ளே இருப்பவர்களை நினைக்கவேண்டும் என்பதை ஏற்கிறேன். என் மகன் கல்லூரியில் மனம் சோர்ந்து வீடு திரும்பியிருந்த நான்கு மாதங்களும் துப்பாக்கி நண்பர் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. சென்ற கட்டுரையில் இதை எழுதத் தயங்கி விட்டுவிட்டேன். எழுதியிருக்கவேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டைப் பற்றி வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விடுவது டெக்சஸில் குற்றம். சிறிய துப்பாக்கிக்கு இதில் தனி அபாயம் உண்டு. கைப்பையிலும் கார்க் கதவின் அறையிலும் தலையணைக்கடியிலும் அடங்கிவிடுவதால் அங்கெல்லாம் மறந்துவிடப்படுகிறது. இடுப்பிலிருந்து நேராகப் பெட்டகத்துக்குப் போகவேண்டும். இடையில் அதற்கு வேறு இருப்பிடம் இருக்கக்கூடாது.

கேள்வி: இதே துப்பாக்கியை இந்தியாவில் உரிமம் பெற்று வாங்க முடியுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: முடியாது. 9 மி.மீ. அங்கே தடைசெய்யப்பட்ட வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பொதுமக்களுக்குக் கிடைக்காது. உரிமம் பெற்றவர்கள் .32 போன்றவற்றைத்தான் வாங்கலாம். 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை, பெண்களை மனத்தில் வைத்து "நிர்பீக்" என்ற .32 ரிவால்வரை ஏறத்தாழ ஒன்றே கால் லட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதன் எடையும் அரைக் கிலோதான்.

கேள்வி: சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லும் பையையே ஊருக்கு வரும்போதும் பயன்படுத்தலாமா? என் தம்பி அப்படிச் செய்கிறான்.
(வாசகி, சென்னை)

பதில்: தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023-இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் கைப்பைகளில் பிடிபட்டன. அவற்றுள் நூற்றுக்கு 93 தோட்டா நிரப்பியவை. பெரும்பாலோர் சொல்லும் சமாதானம், மறந்துவிட்டோம் என்பதுதான். அமெரிக்காவில் அபராதத்தோடு போகலாம். சென்னையிலோ, பையின் மடிப்பில் தங்கிய ஒற்றைத் தோட்டாவுக்கும் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும். அறியாமல் கொண்டுவந்தது குற்றமாகாது என்று நீதிமன்றங்கள் விடுவிப்பதுண்டு; ஆனால் அதுவரைக்கும் காவல் நிலையம், வழக்கறிஞர், தவறவிட்ட விமானம். சுடுதளப் பைக்கென்று தனியாக, வேறு நிறத்தில் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். என்னுடையது ஆரஞ்சு நிறம்.

கேள்வி: விற்ற முதல் துப்பாக்கிக்கு என்ன விலை கிடைத்தது?
(வாசகர், விருதுநகர்)

பதில்: கொடுத்த விலையில் பாதிக்குச் சற்று மேல். அதற்கென்று வாங்கிய மூன்று உறைகளையும் கடைக்காரர் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். தோலில் செய்த நல்ல உறைகள். ஒன்றில் என் மனைவி கத்தரிக்கோல் வைத்திருக்கிறார். மற்ற இரண்டும் அலமாரியில் கிடக்கின்றன.